கேட்பாரற்ற வருடங்கள்

சேகோல் ஊர்க்காரர்களின் உடம்பிலிருந்து அரசாங்கம் கழித்த வருடங்கள், அந்த மழைக்காலத்திலேயே இரும்பு வார்ப்பாலைக்குப் பின்னாலிருந்த வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிக்குள் புகுந்துவிட்டன. அதுவரை அந்த நாட்டில் குழந்தை பிறந்த அன்றே ஒரு வயது. பிறகு புத்தாண்டு தோறும் எல்லோருக்கும் சேர்ந்தாற்போல இன்னொன்று. ஜூன் மாதம் வந்த புதிய சட்டம் அந்தப் பழைய கணக்கை ரத்து செய்ததும், ஒவ்வொருவருக்கும் ஒன்றோ இரண்டோ குறைந்தது. பெருநகரமான பூசானில் அது காகிதத்தில் மட்டும் குறைந்ததாகச் சொல்கிறார்கள். சேகோலில் நிஜமாகவே குறைந்தது. முடிதிருத்துபவர் சாயம் வாங்குவதைப் பாதியாக்கினார். மருந்துக் கடையில் மூட்டுவலிப் பட்டைகள் தேங்கின. கழிந்த வருடங்கள் அரிசி களைந்த தண்ணீரின் நிறத்தில், முழங்கால் உயரத்தில், சில வாரங்கள் பேருந்து நிலையத்திலும் சந்தையிலும் அலைந்தன. தன்னுடையது என்று கேட்டு யாரும் வரவில்லை. நகராட்சி ஆட்கள் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி விரட்டினார்கள். மழை வலுத்தபோது அவை நனையப் பிடிக்காமல், கதவு சரியாகச் சாத்தாத இடத்துக்கு வந்து ஒதுங்கின.

காஜிமான் இங்னாம் அந்த விடுதியில் கன்டெய்னர் பெட்டி ஒன்றில் படுத்திருந்தான். நேபாளத்தின் பாஞ்தர் மலையிலிருந்து வந்தவன், வயது முப்பத்தொன்று. அவற்றில் இரண்டு இரவோடு இரவாக அவன்மேல் ஏறிக்கொள்ள, மறுநாள் காலை எழுந்தபோது முப்பத்து மூன்று. பாஸ்போர்ட்டிலும் பிறந்த வருடம் இரண்டு பின்னால் போயிருந்தது. அச்சில் ஒரு கீறல்கூட இல்லை. வேறொருவனாக இருந்தால் கண்ணாடியைப் பார்த்து வருத்தப்பட்டுவிட்டு வேலைக்குப் போயிருப்பான். காஜிமான் கட்டிலில் உட்கார்ந்து புள்ளிகளைக் கூட்டினான். அந்த நாட்டில் தொழிலாளியின் வயதுக்கு, மொழிக்கு, சம்பளத்துக்கு, முதலாளியின் சிபாரிசுக்கு என்று தனித்தனியாகப் புள்ளிகள் உண்டு. இருநூறு சேர்த்தவன் தேர்ச்சித் தொழிலாளி. மனைவி மக்களை வரவழைத்துக்கொள்ளலாம், இன்னும் ஐந்து வருடம் போனால் நிரந்தரமாகத் தங்கவும் கேட்கலாம். சேர்க்காதவன் ஒப்பந்தம் முடிந்ததும் விமானம் ஏற வேண்டியதுதான். மகள் யெஹாங்மா தவழ்ந்துகொண்டிருந்தபோது அவன் புறப்பட்டு வந்தான். இப்போது அவளுக்குப் பால்பற்கள் விழுந்துகொண்டிருந்தன. அவனிடம் இருந்தவை நூற்றறுபது. முப்பத்து நான்கைத் தொட்டால் வயதுப் புள்ளி பாதியாகிவிடும். பிறந்தநாள் இலையுதிர் காலத்தில் வந்தது.

வந்த வருடங்கள் வெறுங்கையோடு வரவில்லை. ஒன்று ஜோங்-தூ என்ற மனிதருக்காக அவனைத் தூக்கத்தில் அழவைத்தது. அவர் பன்றிச்சாறுச் சோற்றுக் கடை நடத்திய ஓக்-பூனின் இறந்துபோன கணவர். காஜிமான் நேர்மையானவன், அந்த வருடத்தைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்குப் போனான்.

"சித்தி, உங்களோடது ஒண்ணு எங்கிட்ட வந்திருச்சு."

"என்ன, குடையா?"

"ஒரு வருஷம். ஜோங்-தூ ஐயா ஆஸ்பத்திரில கெடந்த வருஷம்."

ஓக்-பூன் அகப்பையைக் கீழே வைத்தாள். "கடைசில அவரு என்ன கேட்டாருன்னு சொல்லு பாப்போம்."

"ஐஸ் போட்ட நூடுல்ஸ்."

"வாங்கிக் குடுத்தேனா?"

"இல்ல சித்தி. டாக்டர் வேணாம்னுட்டாரு."

அவள் அடுப்பைத் தணித்தாள். "அது உங்கிட்டயே இருக்கட்டும். இப்பத்தான் எனக்குத் தூக்கம் வருது. உக்காரு, சாப்பிட்டுப் போ."

இன்னொரு வருடம் வார்ப்பாலை முதலாளி மா கப்-சுவுடையது. இளமையில் அவர் அரேபியப் பாலைவனத்தில் சாலைக்குத் தார் ஊற்றிய வருடம் அது. அந்த வருடம் வந்ததிலிருந்து காஜிமானுக்குப் பல்லிடுக்கில் மணல் நெருடிக்கொண்டிருந்தது. மா அப்போது புது முழங்கால்களோடு ஆலை முற்றத்தில் பூப்பந்து ஆடிக்கொண்டிருந்தார். காஜிமான் போய் அந்த வருடத்தைப் பற்றிச் சொன்னான்.

"யாருடா சொன்னா உனக்கு அத?" என்றார். பிறகு மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "அந்த வருஷம் நான் வெளிநாட்டுக்காரன்டா, காஜி. ஒரு ரொட்டிக்கு வரிசைல நின்னேன். அத எவனாவது மறுபடி கேட்டு வாங்குவானா? நீயே வச்சுக்க."

"அப்ப சிபாரிசாவது குடுங்க, முதலாளி."

"குடுத்தா மறுநாளே பூசானுக்கு ஓடிருவீங்க. முன்னாடி ஒருத்தன் ஓடல?"

"அவன் வேற ஆளு."

"ஆளு வேற. ஓட்டம் ஒண்ணுதான்."

இலையுதிர் காலத்தில் காஜிமானுக்கு முப்பத்து நான்கு ஆனது. புள்ளிகள் நூற்றுமுப்பதாக இறங்கின. அதே வாரத்தில் பழைய செய்தித்தாளில் பொரித்த மீனைப் பிரித்துத் தின்றுகொண்டிருந்தவன், அதிலிருந்த தலையங்கத்தைத் தடங்கலில்லாமல் படித்து முடித்திருப்பதைக் கவனித்தான். வருடங்கள் தங்கள் மொழியையும் உடன் கொண்டுவந்திருந்தன. அன்று மாலை பக்கத்துக் கட்டிலில் இருந்த உஸ்பெக்காரன் பக்தியோரிடம் அவன் கணக்கைச் சொன்னான்.

"நாப்பத்தொண்ணுக்கு மேல போனா வயசுக்குப் பத்துப் புள்ளி. அதுக்கப்புறம் எறங்கறதே இல்ல. அறுபதுன்னாலும் பத்துதான், எழுபதுன்னாலும் பத்துதான். மொழியில நாலாம் படி ஏறுனா நூத்தியிருபது."

"நூறு வயசானா சவப்பெட்டிக்குத் தனியா புள்ளி குடுப்பானுங்களா?"

"சிரிக்காதடா."

"நான் எங்க சிரிக்கறேன்? நீ கதவத் தொறந்து வச்சுக்க, கெழவா. எம் பக்கம் மட்டும் ஒரு போர்வையக் கட்டி விடு."

போர்வையைக் கட்டினார்கள். காஜிமான் கதவுக்கு ஒரு செங்கல்லை அண்டக் கொடுத்துவிட்டுப் படுத்தான். சாக்கடையிலும் பழைய லாரிகளின் அடியிலும் மிச்சமிருந்த வருடங்கள் ஒவ்வொன்றாக ஏறி வந்தன. எல்லாம் பயன்படவில்லை. மீன்காரி ஒருத்தியின் வருடம் கெட்ட வார்த்தைகளையும் நண்டு வகைகளையும் மட்டுமே கொடுத்தது. மொழித் தேர்வில் அவற்றைக் கேட்பதில்லை. சீட்டாடியே கழிந்த ஒருவனின் இரண்டு வருடங்களில் மொத்தம் நாற்பது சொற்கள்கூடத் தேறவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வசித்த சந்துக்கு அவனே விடுமுறை நாட்களில் போய், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் குத்தவைத்துக் காத்திருந்து மூன்றைப் பிடித்துவந்தான். அந்தக் குளிர்காலத்தில் அவன் தலை நரைத்தது. வசந்தத்தில் கடைவாய்ப் பற்கள் போயின. அச்சு வார்க்கும் கிழவர் குறைந்த வயதோடு வேலையை விட்டுவிட்டு மலையேறப் போய்விட, அவருடைய வருடம் காஜிமானின் கைகளில் இறங்கியது. உருகிய இரும்பின் நிறத்தை வைத்தே அதன் பதத்தைச் சொல்ல அவனால் முடிந்தது. மாவுக்கு வேறு வழியில்லை, சம்பளத்தை உயர்த்தினார். வீட்டோடு பேசும்போது கைபேசியின் கேமரா உடைந்துவிட்டதாக மனைவி சுனிமாவிடம் சொல்லியிருந்தான். குரல் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டபோதெல்லாம், ஆலைப் புகை என்றான்.

நாலாம் படித் தேர்வை அவன் அறுபத்திரண்டாவது வயதில் எழுதித் தேறினான். குடிவரவு அலுவலகத்தில் இளம் அதிகாரி எழுந்து நின்று இரண்டு கைகளாலும் நாற்காலியைக் காட்டினார். அந்த நாட்டில் அதுவரை யாரும் அவனுக்காக எழுந்ததில்லை.

"மகனுக்காக வந்தீங்களா, ஐயா?"

"எனக்குத்தான்."

அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். இரண்டும் பொருந்தின. வயதுக்குப் பத்து, மொழிக்கு நூற்றிருபது, சம்பளத்துக்கு எண்பது. இருநூற்றுப் பத்து. "நல்லா இருங்க, ஐயா" என்று முத்திரை குத்தினார்.

விமான நிலையத்தில் சுனிமா அவனைக் கடந்து இரண்டு முறை போனாள். மூன்றாம் முறை, தடுப்புக் கம்பியைப் பிடித்திருந்த இடது கையில், அவள் ஏலக்காய்த் தோட்டத்தில் அரிவாளால் தவறிப் போட்ட தழும்பைக் கண்டாள். பெட்டியைக் கீழே வைத்தாள். யெஹாங்மா அவனை யாரோ தாத்தா என்று நினைத்து, கைகூப்பி நன்றாக வணங்கினாள்.

"கேமரா ஒடஞ்சுருச்சுன்னப்பவே நெனச்சேன்," என்றாள் சுனிமா. "வேற பொண்ணு யாரோன்னு."

"இது அதவிட மோசமா?"

அவள் பெட்டியை மறுபடி தூக்கிக்கொண்டாள். "அதவிடப் பரவால்ல. கொஞ்சம்."

அவனுடைய உரிமையில்தான் அவர்கள் இருவரும் அந்த நாட்டில் இருந்தார்கள். நிரந்தரத்துக்கு இன்னும் ஐந்து வருடம் இருந்தது. காஜிமான் படியேறும்போது இரண்டு இடங்களில் நின்று மூச்சு வாங்கினான். அவன் போய்விட்டால் மனைவியும் மகளும் திரும்பிப் போக வேண்டும். அதைச் சுனிமாவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை, ஓக்-பூனின் கடையில் பாத்திரம் கழுவிய முதல் மாதத்திலேயே அவளாகப் புரிந்துகொண்டாள். அவளுக்கு இருபத்தொன்பது வயது. மொழி ஒரு படிகூட இல்லை. தன் பெயரில் இருநூறு புள்ளி சேர்த்தால்தான் அவன் இல்லாமலும் அங்கே தங்க முடியும். மழைக்காலம் தொடங்கிய அன்று, அவர்கள் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில், மகளை உள்ளறையில் படுக்கவைத்துக் கதவைத் தாழிட்டாள். ஒரு பழைய சேலையை நீளவாக்கில் மடித்துக் கதவின் அடியிடுக்கில் செருகினாள். பிறகு வாசலுக்கு வந்தாள்.

"வேணாம்," என்றான் காஜிமான்.

"செங்கல்ல எங்க வச்சிருக்கீங்க?"

அவன் காட்டினான்.

இப்போது யெஹாங்மா ஊர்ப் பள்ளியில் படிக்கிறாள். விளையாட்டு விழாக்களில் ஒரு கிழவரும் கிழவியும் முன்வரிசையில் உட்கார்ந்து அவளுக்காகக் கைதட்டுகிறார்கள். இருவரும் சேகோல்காரர்களைப் போலவே பேசுகிறார்கள், கிழவி திட்டுவது மீன் சந்தையில் பிறந்தவள் திட்டுவதைப் போலவே இருக்கிறது. வகுப்புப் படத்தின் கீழே ஆசிரியை 'தாத்தா, பாட்டி' என்று எழுதியிருக்கிறார். முதல் வருடம் அவர்கள் அதைத் திருத்தச் சொன்னார்கள். அதன்பிறகு சொல்லவில்லை.