மகோபா காற்றில் பிடித்த தோட்டா

எஷோவே என்ற மலையூரில் டாக்சி ஸ்டாண்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கூடம் ஒன்று உண்டு. எந்த வேன் எந்த ரூட்டில் ஓடலாம் என்று டாக்சி முதலாளிகள் மாதம் ஒருமுறை அங்கே கூடி முடிவு செய்வார்கள். முடிவு செய்வதைவிட முறைத்துக்கொள்வதுதான் அதிகம். அந்த முறைப்புக்குத் துணையாக ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு கைத்துப்பாக்கி. வயிறு பெல்ட்டைத் தாண்டி வழிந்தாலும் சட்டையை உள்ளே செருகிக்கொண்டுதான் வருவார்கள். இல்லாவிட்டால் துப்பாக்கி வெளியே தெரியாதே.

போன வருஷம் கூட்டத்துக்கு நடுவே ஒரு புண்ணியவான் இடுப்பைச் சொறியப் போய் டீ கொதிக்கிற பாத்திரத்தைச் சுட்டுவிட்டார். டீயோடு போயிற்று. சங்கத் தலைவர் மகோபா அன்றைக்கே மேஜையைத் தட்டிச் சட்டம் போட்டார். வாசலில் ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். துப்பாக்கியில் தோட்டா இல்லாமல் செய்து அதில் போட்டுவிட்டுத்தான் எவரும் உள்ளே வர வேண்டும். எவன் துப்பாக்கியில் தோட்டா மிச்சம் இருக்கிறதோ அவன் அன்றைக்குப் பெட்டிக்குக் காவல்; உள்ளே வரவும் கூடாது, ஓட்டுப் போடவும் கூடாது. கைதட்டல் பலமாக இருந்தது. சட்டம் போடுகிற இடத்தில் மகோபாவை மிஞ்ச ஆள் கிடையாது.

யாரும் மாட்டாத மாதங்களில் பெட்டிக்குக் காவல் யார் என்ற கேள்வி வந்தது. கேள்வி முடிவதற்குள் எல்லாத் தலையும் மாசோண்டி பக்கம் திரும்பிவிட்டது. சோண்டி வீட்டுப் பெண் என்பதால் ஊருக்கு அவள் மாசோண்டி. புருஷன் சர்க்கரை வியாதியில் போன பிறகு அவனுடைய இரண்டு வேன்களும் அவள் பொறுப்பில் வந்தன. சங்கத்தில் ஒரே பெண் முதலாளி. "உங்களை மாதிரிப் பொறுப்பான ஆளு யாரு இருக்கா சிசி?" என்று மகோபா அக்கா முறை வைத்துத் தேனாகப் பேசி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வாசலில் போட்டுக் கொடுத்தார்.

அந்த நாற்காலியின் சூட்சுமம் அவளுக்கு இரண்டாவது கூட்டத்தில்தான் புரிந்தது. வாசலில் இருப்பவள் உள்ளே பேச முடியாது. மலைக்குக் கீழே புதிதாக மால் திறந்திருக்கிறார்கள். அந்த ரூட்டைத் தன் இரண்டு வேன்களுக்கும் கேட்டு அவள் மனுக் கொடுத்திருந்தாள். அவள் கேட்டது ஒவ்வொரு மாதமும் பேச்சுக்கு வரும், ஒவ்வொரு மாதமும் தள்ளிப்போகும். ரூட் இல்லாத வேன்கள் வீட்டு முற்றத்தில் கோழிக்கூண்டாகிக்கொண்டிருந்தன. கூட்டம் முடிந்து வெளியே வருகிற மகோபாவிடம் என்ன ஆச்சு என்று கேட்டால், அவர் அவள் தோளைத் தட்டிக்கொடுத்து ஒரே பதிலைத்தான் சொல்வார்: "உள்ள பேசுனது உள்ளேயே இருக்கணும் சிசி."

இந்த மாதத்தோடு அந்தப் பேச்சு முடிகிறது. மால்காரர்கள் இனியும் காத்திருக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். மகோபா தன் அக்காள் மகனுக்கு அந்த ரூட்டை இன்றைக்கு முடித்துக் கொடுக்கப் போகிறார் என்று ஸ்டாண்டில் வடை சுடுகிறவள்வரை தெரிந்திருந்தது.

சனிக்கிழமை காலை முதலாளிகள் வந்து சேர்ந்தார்கள். வாசலில் பாதியாக அறுத்த டிரம் ஒன்றில் மணல் நிரப்பி வைத்திருந்தாள் மாசோண்டி. துப்பாக்கியை அந்த மணலுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு தோட்டாவை எடுக்க வேண்டும். கை தவறினாலும் குண்டு மணலுக்குள் போய் அடங்கிவிடும். மகா வீரர்களுக்கு இது புரியவில்லை. அதில் சிகரெட்டை அணைத்தார்கள், கோழி எலும்பைப் போட்டார்கள். கூட்டம் தொடங்குமுன் அவள் எலும்புகளைப் பொறுக்கி எறிவாள், வாய்க்குள் திட்டிக்கொண்டே.

அவளுக்கும் ஒரு துப்பாக்கி இருந்தது, புருஷனுடையது. கட்டில் பக்கத்திலேயே படுத்துக் கிடந்து அவனை எதிலிருந்தும் காப்பாற்றாத துப்பாக்கி. உரிமத்தைத் தன் பெயருக்கு மாற்றப் பயிற்சிக்குப் போனபோது, தோட்டா எடுக்கிற முறையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற அளவுக்கு அங்கே திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார்கள். விசையில் விரல் படக் கூடாது. முதலில் கைப்பிடிக்குள் இருக்கிற மேகசினை உருவி எடுக்க வேண்டும். அப்புறம்தான் மேலே இருக்கிற ஸ்லைடைப் பின்னால் இழுக்க வேண்டும். குழலுக்குள் ஏறி உட்கார்ந்திருக்கிற தோட்டா வெளியே துள்ளி விழும். இழுத்தபடியே பிடித்து உள்ளே கண்ணால் பார்க்க வேண்டும், விரலாலும் தடவிப் பார்க்க வேண்டும். இதில் வீரம் எதுவும் இல்லை, பால் பாத்திரம் கழுவுகிற மாதிரி ஒரு வேலை.

ஆனால் மகோபாவுக்கு எல்லாமே வித்தை. கடைசி ஆளாகத்தான் வருவார், பார்க்க ஆள் வேண்டுமல்லவா. அன்றைக்கும் அப்படித்தான். புத்தம் புதிய வெள்ளை வேனை, எல்லார் கண்ணும் படுகிற மாதிரி எதிரிலிருந்த மண்மேட்டை ஒட்டி நிறுத்திவிட்டு இறங்கினார். ஓட்டுநரைக் கீழே டீக்கு அனுப்பினார். வேனின் முன்கண்ணாடியில் அவர் பெயர் வெள்ளி எழுத்தில் மின்னியது. உள்ளே போயிருந்தவர்களும் வாசலுக்கு வந்து நின்றார்கள்.

இடுப்பிலிருந்து துப்பாக்கியை உருவினார். டிரம் பக்கம் திரும்பவே இல்லை. துப்பாக்கி முனை டீ மேஜை, சுவர், செயலாளர் லிண்டானியின் தொப்பை என்று ஊர்கோலம் போனது. லிண்டானி மரியாதையோடு குனிந்துகொண்டார். மகோபா ஸ்லைடை ஒரே இழுப்பாக இழுத்தார். தோட்டா துள்ளி மேலே பறந்தது. அது கீழே விழுமுன் மறு கையால் காற்றிலேயே லபக்கென்று பிடித்தார். இதுதான் அவருடைய புகழ்பெற்ற வித்தை. எல்லாரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை வாங்கி முடித்த பிறகுதான் சாவகாசமாக மேகசினை உருவிப் பையில் போட்டார். துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைக்கப் போனார்.

மாசோண்டி பெட்டியின் மூடியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மேகசின் உள்ளே இருக்கும்போதே ஸ்லைடை இழுத்தால் ஒரு தோட்டா வெளியே போகும், அடுத்தது கீழேயிருந்து ஏறி அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அதற்கப்புறம் மேகசினை எடுத்து என்ன பயன்? தோட்டா வெளியே வந்ததை எல்லாரும் கண்ணால் பார்த்தாயிற்று, கையும் தட்டியாயிற்று. இனி அந்தத் துப்பாக்கி காலி என்று அத்தனை பேரும் சத்தியம் செய்வார்கள். அது கூட்டம் முடிகிறவரை பெட்டிக்குள் அவள் முழங்காலைப் பார்த்தபடி கிடக்கும்.

இன்னொரு தடவை இழுத்துக் காட்டச் சொன்னாள்.

மகோபா சிரித்தார். கையிலிருந்த தோட்டாவை அவள் மூக்குக்கு நேராக நீட்டி, இது என்ன, வேர்க்கடலையா என்று கேட்டார். வாசலில் சிரிப்பு பொங்கியது. நான் துப்பாக்கி பிடிக்க ஆரம்பித்தபோது நீ பாவாடையில் மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தாய் என்றார். லிண்டானி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைவர் சிரித்து முடிக்கும்வரை அவருக்கும் நிறுத்த வழியில்லை.

"அதுல இன்னொன்னு இருக்கு பாபா," என்றாள் மாசோண்டி, பெரியவருக்குரிய மரியாதை குறையாமல்.

"இருக்கா? சரி, பாத்துருவோம். இப்ப என் உள்ளங்கையில வெச்சு அமுக்குறேன். சத்தம் வரலேன்னா மால் ரூட்டைப் பத்தி நீங்க இனி வாயே திறக்கக் கூடாது. சரிதானா?"

சொன்னதோடு நிற்கவில்லை. இடது உள்ளங்கையை விரித்துத் துப்பாக்கி முனையை அதன் நடுவில் வைத்தார். விரல் விசைமேல் போய்விட்டது. சிரிப்பு நின்றது, ஆனால் தடுக்க ஒருவரும் முன்னால் வரவில்லை. தலைவர் காலி என்று சொன்னால் காலி.

அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம். அந்த நினைப்பு அவளுக்கு வராமலும் இல்லை. மாதா மாதம் அவளுக்கு எதிராக மேலே தூக்கப்படுகிற கை அது. ஆனாலும் ஓட்டை விழுந்த கையோடு இந்த ஆள் அலறுவதைப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை. வேண்டாம் என்று கெஞ்சினால் கேட்கிற ஜென்மமும் இல்லை. கெஞ்சினால் அமுக்கியே விடுவார். இந்த ஆம்பளைக்கு உடம்பில் எங்கே வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும். அது உள்ளங்கை இல்லை.

"கையை எதுக்கு பாபா கெடுத்துக்கறீங்க?" என்றாள். "காலின்னா எங்க வேணாலும் வெச்சு அமுக்கலாமில்ல. அதோ உங்க புது வேன். உள்ள ஆள் இல்ல, பின்னாடி மண்மேடு. உங்க பேர் எழுதியிருக்கற கண்ணாடிக்கு நேரா பிடிச்சு அமுக்குங்க. சத்தம் வரலேன்னா நான் வாயே திறக்க மாட்டேன்."

எல்லாரும் வேனைப் பார்த்தார்கள். மகோபாவும் பார்த்தார். விசையிலிருந்து விரல் தானாக விலகியது.

இரண்டடி எடுத்து வைத்தார், துப்பாக்கியை வேனுக்கு நேராகத் தூக்கினார். தூக்கியபடியே நின்றார். கண்ணாடியில் வெயில் பட்டு வெள்ளி எழுத்து பளபளத்தது. மகோபாவின் நெற்றியில் வியர்வை முளைத்தது. இப்போதெல்லாம் தோட்டாக்கள் சரியாகச் செய்வதில்லை என்று முணுமுணுத்தார். எதற்கும் ஒருதரம் பார்த்துவிடுவதில் தப்பில்லை என்றார். தன் சதையை நீட்டியபோது தோன்றாத சந்தேகம் எல்லாம் தகரத்தின் முன்னால் தோன்றியது.

துப்பாக்கியை இறக்கினார். முதல் தடவையாக மணல் டிரம்மின் பக்கம் வந்து முனையை அதற்குள் நீட்டி, ஸ்லைடை மெல்ல இழுத்தார்.

தோட்டா துள்ளி வந்தது. இந்தத் தடவை அவர் அதைப் பிடிக்கவில்லை. அது சிமெண்டுத் தரையில் டிங்கென்று விழுந்து, உருண்டுபோய் லிண்டானியின் ஷூவில் முட்டி நின்றது. லிண்டானி பாம்பைக் கண்டவர் மாதிரி காலைத் தூக்கிக்கொண்டார். மகோபா தன் உள்ளங்கையை ஒருதரம் பார்த்துவிட்டுப் பேன்ட்டில் துடைத்தார். முகம் சாம்பலாகிவிட்டது.

மாசோண்டி துப்பாக்கியை அவர் கையிலிருந்து வாங்கினாள். ஸ்லைடைப் பின்னால் பிடித்து உள்ளே பார்த்தாள், சுண்டுவிரலை விட்டுத் தடவினாள். காலி. பெட்டியில் வைத்துப் பூட்டினாள். பிறகு நாற்காலியிலிருந்த தன் சிறு மெத்தையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நாற்காலியை மகோபா பக்கம் நகர்த்தினாள்.

என்ன இது என்றார் மகோபா. தலைவர் இல்லாமல் கூட்டமா என்றார். அந்தச் சட்டம் கவனக்குறைவான ஆட்களுக்குப் போட்டது என்றார். சிரிக்கவும் முயன்றார். கூடச் சிரிக்க ஆள் கிடைக்கவில்லை. டீப் பாத்திரத்தைச் சுட்ட புண்ணியவான் வேறு முன்வரிசையிலேயே நின்றுகொண்டிருந்தார். இந்த ஒரு வருஷமாக அவர் வாங்கிய கிண்டல் கொஞ்சமில்லை.

"உங்க சட்டந்தான பாபா," என்றார் அவர். "உக்காருங்க."

மகோபா உட்கார்ந்தார். மெத்தை இல்லாத நாற்காலி கிரீச்சென்றது. மாசோண்டி பெட்டிச் சாவியை அவர் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தினார்கள்.

உள்ளே காலியாக இருந்தது தலைவர் நாற்காலி ஒன்றுதான். மெத்தையைப் போட்டு அதிலேயே உட்கார்ந்துகொண்டாள். மால் ரூட் பேச்சு வந்தது. அக்காள் மகனுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று போன மாதம்வரை அடித்துப் பேசியவர்களுக்கு இன்றைக்குத் தொண்டை கட்டியிருந்தது. மாசோண்டி எழுந்து தன் இரண்டு வேன்களைப் பற்றிச் சொன்னாள், அவள் குரலே அவளுக்குப் புதிதாக இருந்தது. கைகள் ஒவ்வொன்றாக மேலே போயின. கடைசியாக, சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு, லிண்டானியின் கையும் போயிற்று. ரூட் அவளுடையது.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. நிழல் வாசலைவிட்டு எப்போதோ நகர்ந்துவிட்டது. அந்த நேரத்துக்கு நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட வேண்டும் என்று மாசோண்டிக்குத் தெரியும், மகோபாவுக்குத் தெரியவில்லை. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி எழுந்தார்.

"மால் ரூட் என்னாச்சு?" என்று கேட்டார்.

மாசோண்டி அவர் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

"உள்ள பேசுனது உள்ளேயே இருக்கணும் பாபா," என்றாள்.