பின்சீட்டில் தாய்மாமன் இருக்கிறார்

1

இந்தக் கதையில் அரை வாக்கியம் என்னுடையதல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சென்ற மாதம் எங்கள் பனியன் ஊரின் ராயபுரத்தில் பசீர் அகமதுவின் பட்டறையில் என் காருக்கு பிரேக் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஓரமாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவருடைய மகன் அஃப்சல் கைப்பேசியை நீட்டி, "அத்தா, இதப் பாருங்க. நம்ம சியரா மறுபடியும் வந்திருச்சு. இப்பப் பின்சீட்டுக்கும் கதவு வெச்சுட்டாங்க" என்றார்.

பசீர் பாய் கையைத் துடைத்துவிட்டு அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தக் கதவு அன்னிக்கே இருந்திருந்தா, பாவம், அந்த மனுசன்..." என்று தொடங்கியவர், நான் கேட்டுக்கொண்டிருப்பதைக் கண்டு நிறுத்திவிட்டார். "உங்க வண்டி முடிஞ்சுதுங்க சார்" என்றார். முடிந்திருக்கவில்லை. ஒரு சக்கரம் இன்னும் தரையில்தான் கிடந்தது.

யாருடைய மானத்தையோ காப்பாற்ற அவர் விழுங்கிய வாக்கியத்தை நான் வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டேன். எழுத உட்காரும் முன் சாமி விளக்கின் எதிரே ஒரு நிமிடம் கண்மூடி நிற்பது என் வழக்கம். இன்றும் நின்றேன். கும்பிடக் கை வரவில்லை. கீழே வரும் ஆட்கள், விசேஷம் எல்லாம் என் கற்பனை. 'பாவம்' என்ற சொல் மட்டும் அவருடையது.

2

முதல் தொடக்கம்:

"தொண்ணூற்றொன்றாம் ஆண்டு, அம்பாசடரும் பத்மினியும் ஓடிக்கொண்டிருந்த சாலைகளில், புதிதாக ஒரு கம்பீரம்..."

(விட்டுவிட்டேன். விளம்பரம் மாதிரி இருக்கிறது. ஆனாலும் வண்டியைப் பார்த்திராதவர்களுக்கு அதைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.)

டாடா சியரா உயரமான வண்டி. முன்னால் இரண்டு சீட்டு, அவற்றுக்கு ஆளுக்கொரு கதவு. பின்னால் மூன்று பேர் உட்காரும் சீட்டு, அதற்குக் கதவு கிடையாது. கதவுக்குப் பதிலாக இரண்டு பக்கமும் பெரிய கண்ணாடி, கூரை வரை வளைந்து ஏறும். அந்தக் கண்ணாடி திறக்காது. வண்டியின் பின்புறம் ஸ்டெப்னி மாட்டிய ஒரு கதவு உண்டு, அது சாமான் ஏற்றுவதற்கு. ஆகவே பின்சீட்டில் இருப்பவர் இறங்க வேண்டுமென்றால் முன்சீட்டில் இருப்பவர் முதலில் இறங்கி, தன் சீட்டை மடக்கி, வழி விட்டு நிற்க வேண்டும்.

அந்தக் காலத்தில் அதைக் குறையாக யாரும் நினைக்கவில்லை. ஊரில் அந்த வண்டி வைத்திருந்த இரண்டொரு பனியன் கம்பெனி முதலாளிகள் முன்சீட்டில்தான் போனார்கள்.

3

இரண்டாம் தொடக்கம்:

"தண்டாயுதபாணி, வந்த வழியை மறந்த மனிதர்."

(இதையும் அடித்துவிட்டேன். அவரை இப்படித் தொடங்கினால் கடைசிவரை அவர் தலையெடுக்க முடியாது. நான் படைத்த மனிதருக்கு முதல் வரியிலேயே தீர்ப்பு எழுதுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.)

தண்டாயுதபாணி நல்லவர். ராயபுரத்தில் சிறிய தையல் யூனிட் வைத்திருந்தார். பஞ்சுத் தூசியில் இருமுகிற டெய்லர்களுக்குத் தன் வீட்டிலிருந்து சுக்குக் காபி கொண்டுவருவார். அதற்கு முன் ஒரு கம்பெனியில் அவருக்குக் கைமடி வேலை, தைத்து விழும் துணியை மடித்துப் போடுவது. அந்தக் கம்பெனி கேட்டில் தினமும் ஒரு சியரா வந்து நிற்கும். அதன் கண்ணாடியில் தன் முகம் தெரிவதைப் பார்த்தபடியே அந்த வருடங்களைக் கழித்தார்.

2006-இல், அந்த வண்டி உற்பத்தியே நின்றுபோன பிறகு, குன்னத்தூரில் ஒரு தோட்டத்துச் சாளை வீட்டு வாசலில் கோழிகள் அடைந்துகொண்டிருந்த ஒரு சியராவை அவர் வாங்கினார். "இதுக்கு உசுரு குடுக்க முடியுமுங்களா பாய்?" என்று பசீர் அகமதுவிடம் கேட்டார். "உசுரு குடுக்கறவன் மேல இருக்கறானுங்க. நான் எஞ்சின மட்டும் பாக்கறேன்" என்றார் பாய். உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் பாகங்களைத் தேடித்தேடி, மாதக்கணக்கில் உழைத்து, அதை ஓட வைத்தார்.

முதல் வெளியூர்ப் பயணம் வெள்ளகோவிலுக்கு. தண்டாயுதபாணியின் மகள் கீதாஞ்சலிக்கு நிச்சயதார்த்தம், மாப்பிள்ளை வீட்டார் பிடித்திருந்த மண்டபத்தில். 2007, தை மாதம்.

4

பெண்ணும் அவள் அம்மா மயிலாளும் மற்றப் பெண்களும் வேனில் முன்னே போய்விட்டார்கள். சியராவில் மூன்று பேர். ஓட்டுவது தண்டாயுதபாணி. பக்கத்தில் சாயப்பட்டறை செங்கோட்டையன், இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவர். பின்சீட்டில் மயிலாளின் அண்ணன் ஆத்தப்பன்.

ஆத்தப்பன் வேறொரு கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். அன்று போட்டிருந்த வெள்ளைச் சட்டையைத் தானே தேய்த்திருந்தார். மடியில் ஒரு துணிப்பை, அதற்குள் கீதாஞ்சலிக்கு அவர் எடுத்த சேலை. மாமன் எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டுதான் பெண் சபைக்கு வர வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அவருக்குப் பெண் பிள்ளை இல்லை. இந்த ஒரு நாளுக்காகத்தான் அவர் இத்தனை வருடம் மாமனாக இருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செங்கோட்டையன் கீழே இறங்கிச் சீட்டை மடக்கி அவரை உள்ளே ஏற்றும்போதே சிரித்தார்.

"ஏனுங்க தண்டாயுதபாணி, இது காருங்களா, கோழிக்கூடுங்களா? உள்ள போனவரு வெளிய வர வழியக் காணமே?"

"முட்ட போட்டாத்தான் உடுவாங்களாட்ட இருக்குதுங்க" என்றார் ஆத்தப்பன், உள்ளேயிருந்து.

மூன்று பேரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் தண்டாயுதபாணி கண்ணாடியில் பின்னால் பார்த்து, "மச்சான், எதையும் தொட்டறாதீங்க. எல்லாம் இப்பத்தான் புதுசா மாட்டுனது" என்றார்.

"நான் எதுக்குங்க மாப்ள தொடறேன்? பையத்தான் புடிச்சிருக்கறேன்."

5

மண்டப வாசல். இங்கே எனக்கு மூன்று வரைவுகள் இருந்தன.

வரைவு ஒன்று: பசீர் பாய் மாட்டிய பூட்டு திடீரென்று வேலை செய்யாமல்...

(எழுதியதும் வெட்கமாகப் போயிற்று. என் கதையின் முடிச்சுக்காக ஒரு நேர்மையான மனிதரின் வேலையில் பழி போடப் பார்த்தேன்.)

வரைவு இரண்டு: தண்டாயுதபாணி வேண்டுமென்றே...

(மாட்டேன்.)

வரைவு மூன்று: ஒன்றுமே இல்லை. மேளம் வாசிக்கிறார்கள். "வாங்க, வாங்க" என்று நாலு பேர் செங்கோட்டையனின் கையைப் பிடித்து இறக்கி, சந்தனம் கொடுத்து, அப்படியே உள்ளே கூட்டிப்போகிறார்கள். தண்டாயுதபாணி மீது பன்னீர் தெளிக்கிறார்கள். அவர் முகத்தைத் துடைத்தபடி இரண்டு கதவையும் சாத்திப் பூட்டிவிட்டு, திரும்பி ஒருமுறை வண்டியைப் பார்க்கிறார். வண்டியைத்தான் பார்த்தார். அதற்குள் இருந்தவரைப் பார்க்கவில்லை.

ஆத்தப்பன், "மாப்ள..." என்றார். மேளச் சத்தம்.

அவர் காத்திருந்தார். இப்போது வந்துவிடுவார்கள் என்று நினைத்தார்.

இரண்டாயிரத்து மூன்று வாக்கில் சியரா நின்றுபோனது. பெரிய அளவில் அது விற்றதில்லை. ஆனாலும் பார்த்தவர்கள் மறக்கவில்லை. அந்தக் கண்ணாடிக்காகவே பழைய வண்டிகளைத் தேடி வாங்கிப் புதுப்பிக்கிறவர்கள் உண்டு. இப்போது அதே பெயரில் புதிதாக வந்திருப்பதிலும் அந்தப் பெரிய கண்ணாடியின் சாயலை வைத்திருக்கிறார்கள், ஆனால் நான்கு பக்கமும் கதவு வைத்து...

(பார்த்தீர்களா? ஒரு மனிதரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு நான் வண்டியின் சரித்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீங்களும் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. மேளம் என் பக்கத்தில்தான் அடிக்கிறது.)

6

கையை நீட்டி முன்கதவைத் திறந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். சீட்டுக்கு மேல் வளைந்து கஷ்டப்பட்டால் எட்டியிருக்கும். ஆனால் எதையும் தொடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் தொடவில்லை.

கண்ணாடியைத் தட்டியிருக்கலாமே? கையை ஓங்கினார். அப்போது மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் அந்தப் பக்கமாகப் போனார்கள். தட்டினால் இவர்கள் வந்து பார்ப்பார்கள். பெண்ணின் தாய்மாமனை காரில் மறந்துவிட்டு வந்தார்கள் என்று ஊரே பேசும். நாளைக்கு இவர்கள் வீட்டில்தான் கீதாஞ்சலி வாழ வேண்டும். ஒரு சண்டை வந்தால் இதை எடுத்துச் சொல்லிக்காட்ட மாட்டார்களா?

ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல், சீட்டின் கீழே கிடந்த மஞ்சள் துணியை எடுத்தார். அந்த ஒன்றைத்தான் தொட்டார். கண்ணாடியை உள்பக்கமாகத் துடைக்கத் தொடங்கினார். போகிறவர்கள் பார்த்தால் வண்டிக்காரர் துடைக்கிறார் என்று நினைப்பார்கள். நினைத்தார்கள். அந்தக் கண்ணாடி அவ்வளவு பெரியது, அவ்வளவு சுத்தமானது. வேர்வையில் முதுகோடு ஒட்டிய சட்டையோடு, சந்தனம் வைக்காத நெற்றியோடு, அவர் முழுதாகத் தெரிந்தார்.

கடவுள் நேரில் வருவது அபூர்வம், காபி டம்ளரோடு யாரையாவது அனுப்பிவைப்பார் என்று நம்பி வாழ்கிறவன் நான். அதனால் சென்னம்மாளை அனுப்பினேன். சமையல் ஆட்களோடு வந்தவள்.

"டிரைவரண்ணா, காபி சாப்புடுங்க" என்று டம்ளரைக் கண்ணாடிக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள்.

அவர் சிரித்தபடி தலையாட்டி மறுத்தார். அவள் முன்கதவை இழுத்துப் பார்த்தாள். கண்ணாடியில் முகத்தை ஒட்டி, "ஐய, உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போயிட்டாங்களா?" என்றாள்.

"இல்லீங்க அம்மிணி. வேல இருக்குதுங்க" என்றார் உள்ளேயிருந்து. மஞ்சள் துணியைக் காட்டினார்.

அவள் அவர் கையைப் பார்த்தாள். மடியில் இருந்த பையையும் பார்த்தாள். டம்ளரை முந்தானையால் மூடி பானெட்டின் மேல் வைத்துவிட்டு, வேகமாக மண்டபத்துக்குள் போனாள்.*

* முந்தானையால் மூடி வைத்துவிட்டு எப்படிப் போக முடியும்? முடியாது. ஒரு தட்டால் மூடினாள் என்று திருத்திக்கொள்ளுங்கள். அவள் நல்லவள் என்று காட்டும் அவசரத்தில் எழுதிவிட்டேன்.

7

மண்டபத்துக்குள் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் சீனிச்சாமி, "மாமன் சேல வந்துருச்சுங்களா? நல்ல நேரம் போகுதுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மயிலாள் கணவரிடம் குனிந்தாள். "ஏனுங்க, அண்ணன் எங்கீங்க? உங்க கூடத்தான வந்தாங்க?"

தண்டாயுதபாணியின் கை சட்டைப் பைக்குப் போயிற்று. சாவி இருந்தது. அந்த நொடியில் அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

(இதுவரை நடந்தது மறதி. இனி நடப்பதற்கு மறதி என்று பெயரில்லை.)

எழுந்து ஓட அவர் கால் துடித்தது. சபை முழுக்க அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பின்னாடி வர்றாரு" என்றார்.

செங்கோட்டையன் சமாதானமாக, "அவரு வரட்டுமுங்க. நம்மூட்டுல ஒரு பட்டு எடுத்தாந்திருக்கறோம். கண்ணு அதக் கட்டிக்கட்டும்" என்றார். அவரும் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

அறைக்குள்ளிருந்து கீதாஞ்சலியின் குரல் வந்தது. "எங்க மாமன் வரட்டும்மா. எனக்கு அந்தச் சேலதான்."

அப்போதுதான் சென்னம்மாள் சபை ஓரத்தில் வந்து நின்றாள்.

"ஆருகிட்டீங்க அந்தக் கண்ணாடி வண்டிச் சாவி? உங்க டிரைவரு வெயில்ல உள்ளயே இருக்கறாருங்க."

"டிரைவரா?" என்றாள் மயிலாள். "நமக்கு எங்கீங்க டிரைவரு?"

8

முடிவு அ: தண்டாயுதபாணி சாவியைச் சென்னம்மாளிடம் கொடுக்கிறார். "ஆமாங்க, டிரைவருதான். தொறந்து உட்டுருங்க." ஆத்தப்பன் இறங்குகிறார். தனக்கு என்ன பெயர் வைக்கப்பட்டிருக்கிறது என்று அவள் பேச்சிலிருந்து தெரிந்துகொள்கிறார். மண்டபத்துக்குள் வரவில்லை. வேப்பமரத்தடியில் மற்ற டிரைவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார். கீதாஞ்சலி பட்டு கட்டுகிறாள். சேலை பையோடு திரும்பிப் போகிறது.

முடிவு ஆ: தண்டாயுதபாணி எழுகிறார். "டிரைவரு இல்லீங்க. எங்க மச்சானுங்க. நாந்தான் மறந்துட்டு வந்துட்டேன்" என்று சபையில் சொல்லிவிட்டு, செருப்புப் போடாமல் வெயிலில் ஓடுகிறார்.

எனக்கு இரண்டாவதுதான் வேண்டும். எழுதியும் விட்டேன், மூன்று பக்கம். ஆத்தப்பன் இறங்கியதும், "முட்ட போட்டுட்டேன், உட்டுட்டீங்க" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைக்கிறார். படித்துப் பார்த்தபோது நெஞ்சு நிறைந்தது. கொஞ்ச நேரத்தில் பசீர் பாயின் முகம் நினைவுக்கு வந்தது. கடைசியில் சிரித்து முடிந்த ஒரு காரியத்தை யாரும் அப்படி 'பாவம்' என்று சொல்லி விழுங்க மாட்டார்கள்.

அப்படியானால் முதல் முடிவை எழுத வேண்டும். பேனாவை எடுத்தேன். யாரோ ஒரு நிஜ மனிதர் ஒருமுறை பட்ட அவமானத்தை, கதை நன்றாக வர வேண்டும் என்பதற்காக, இன்னொருமுறை பட வைப்பதா? தண்டாயுதபாணியாவது சபைக்குப் பயந்தார். எனக்கு என்ன சாக்கு?

ஒரு விஷயம் இப்போதுதான் உறைக்கிறது. நான் தொடக்கங்களை அடித்துத் திருத்தியபோதும், சென்னம்மாளின் முந்தானையைத் தட்டாக மாற்றியபோதும், முடிவுகளை நிறுத்துப் பார்த்தபோதும், அவர் உள்ளேதான் இருந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். முன்சீட்டில் உட்கார்ந்திருந்தது நான்.

இந்த வண்டியில் முன்னால் இருப்பவர் முதலில் இறங்க வேண்டும். இறங்கிவிட்டேன். இனி ஒரு முடிவும் எழுதப்போவதில்லை.

கதவு திறந்திருக்கிறது. சீட்டின் பக்கவாட்டில் ஒரு லிவர் இருக்கும். இழுத்தால் சீட்டு முன்னால் மடங்கும். டிரைவரண்ணா என்று கூப்பிட்டுவிடாதீர்கள். மாமா என்று கூப்பிடுங்கள். எதையும் தொடக் கூடாதென்று அவர் தயங்குவார். அவசரப்படுத்தாதீர்கள். முதலில் மடியில் இருக்கும் பையை வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு கையும் இருந்தால்தான் அவரால் பிடித்து இறங்க முடியும்.