எதைப் போட்டாலும் எரியும் உலை

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தவர் பூபாலன். பாரிவாக்கம் பேருந்து நிறுத்தத்தில், வராத பேருந்துக்காக நின்றிருந்தபோது பத்து நிமிடம் பேசினார். மீதியை என் எதிர் வீட்டு வித்யா சொன்னாள். இருவரும் சொல்லாமல் விட்ட இடங்களை நான் நிரப்பியிருக்கிறேன். எது யாருடையது என்று கேட்டால் இப்போது எனக்கே பிரித்துச் சொல்ல வராது.

மூன்று முறை தொடங்கினேன். முதல் தொடக்கம்: "பூபாலனுக்குச் சிறுவயதிலிருந்தே நெருப்பென்றால்" – பொய். ஐம்பத்து நான்கு வயதில் அவருக்கு நெருப்பென்றால் அலுப்புதான். இரண்டாவது கட்டுரையாகிவிட்டது. ஆனாலும் அதில் நாலு வரி வேண்டும்.

(பூபாலன் செய்து விற்பது நெல் காயவைக்கும் உலை. ஆளுயர இரும்புப் பெட்டி. உள்ளே நெருப்பு. அந்தச் சூட்டில் காய்ந்த காற்றை ஒரு விசிறி நெல் தொட்டிக்குள் தள்ளும். புகை நெல்லைத் தொடாமல் புகைபோக்கி வழியே மேலே போய்விடும். விறகு, உமி, தேங்காய் மட்டை, கடலைத்தோல், எது கிடைக்கிறதோ அதைப் போடலாம். குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கக் கோழிப்பண்ணைக்காரர்களும் இதையே வாங்குகிறார்கள்.)

மூன்றாவது, தொலைபேசி மணியில் தொடங்குகிறது. அதிலேயே போகிறேன்.

2

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தகரக் கொட்டகையில் பூபாலன் அடுத்த உலைக்குக் கதவு பொருத்திக்கொண்டிருந்தார். புரட்டாசி மழை நான்காவது நாளாகக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. கூப்பிட்டவள் பாரிவாக்கத்துக் கண்ணம்மா. அடுக்குமாடிகளுக்கு நடுவே இன்னும் மனை போடாத மூன்று ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து நெல் போடுகிறவள். போன வருடம் அவரிடம்தான் உலை வாங்கியிருந்தாள்.

"அண்ணாத்தே, பதினோரு மணிக்கு ஆபீசரு வர்றாராம். பொகை தாங்கல, மிசினுதான் கோளாறுன்னு ஃபிளாட்டுக்காரங்க எயுதிக் குத்துட்டாங்க. நீ வந்து நில்லு."

வருகிறேன் என்றார். வேறென்ன சொல்வது? விற்ற பொருள். இரண்டு பேருந்து மாறிப் போய் இறங்கியபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது.

3

[இங்கே அடுக்குமாடிகளைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். அங்கேதான் நானும் குடியிருக்கிறேன் என்பதால் அது நியாயமாக வரவில்லை. எடுத்துவிட்டேன்.]

உலை அணைந்து வெதுவெதுப்பாக இருந்தது. பூபாலன் கதவைத் திறந்து சாம்பலைக் கிளறினார். உமிச் சாம்பல் வெள்ளையாக, மாவாக இருக்கும். இதில் கறுப்புக் கட்டிகள் வந்தன. ஒன்றை இடுக்கியில் தூக்கிப் பார்த்தார். பாதி உருகிய செருப்பு அடி. குதிகால் வளைவு அப்படியே இருந்தது.

கண்ணம்மா மறைக்கவில்லை. மட்டை, உமி எல்லாம் நனைந்துபோனது. அறுத்த நெல் தார்ப்பாய்க்கு அடியில் சூடேறி முளைக்கத் தொடங்கியது. பழைய சாமான் வாங்குகிறவர் கழிவு மூட்டைகளைச் சும்மாவே இறக்கிவிட்டுப் போனார். இரண்டு நாள் அதைத்தான் போட்டாள்.

"நீதான சொன்ன, எத்தப் போட்டாலும் எரியும்னு."

சொல்லியிருந்தார். இதே இடத்தில், இதே உலைமேல் கை வைத்துக்கொண்டு. போடக்கூடாததையும் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அது விற்கப் போன மூன்றாவது வீடு, வாய் வலித்தது, அவள் வாங்குகிற முகத்தோடு நின்றிருந்தாள். அதனால் அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

4

மாசுக் கட்டுப்பாட்டு ஆய்வாளர் குடையோடு வந்தார். கூடவே வித்யா. சேலத்துக்காரி, கணினி நிறுவனத்தில் வேலை. முதல் பிரதியில் அவளைக் கத்த வைத்திருந்தேன். அவள் கத்தவில்லை. இரண்டு நாளாகத் தூங்காத ஆளுக்குக் கத்த எங்கே தெம்பு? ஆறு வயது மகள் காவ்யாவுக்கு மூச்சிரைப்பு. ஆஸ்பத்திரியில் முகத்தில் புகைக்குழாய் வைத்துத்தான் மருந்து போகிறது. [புகைக்குழாய் என்பது தப்பான சொல். அந்த மருந்துக் கருவியின் முகமூடியை வித்யா அப்படித்தான் சொன்னாள், நான் மாற்றவில்லை.]

அவள் ஆய்வாளரை விட்டுவிட்டுப் பூபாலனைக் கேட்டாள்.

"என்ன எரிச்சாங்கன்னு மட்டும் சொல்லுங்க. டாக்டர் கேக்குறார்."

கண்ணம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த இடத்துக்கு என்னிடம் இன்னொரு வழியும் இருந்தது. ஈர உமி என்று பூபாலன் ஒரு பொய் சொல்வது. ஆய்வாளர் எச்சரித்துவிட்டுப் போயிருப்பார், கண்ணம்மா நெல் முழுவதையும் காப்பாற்றியிருப்பாள், டாக்டர் ஊகத்தில் வைத்தியம் பார்த்திருப்பார். எழுதியும் பார்த்தேன். சரளமாக வந்தது.

நடந்தது வேறு. பூபாலன் அந்தக் கட்டியைச் செய்தித்தாளில் சுற்றி வித்யா கையில் கொடுத்தார். "செருப்பு அடிமா. இதையே டாக்டராண்ட காட்டுங்க. எது வேணா போடலாம்னு நாந்தான் சொல்லிக்கீறேன். அவங்களுக்குத் தெரியாது."

அவரை நல்லவராக்கிவிடுகிறேனோ என்று எனக்கே சந்தேகம். பேருந்து நிறுத்தத்தில் அதைக் கேட்டேன். "பெருசா ஒண்ணும் நெனைக்கல சார். அந்தப் பொய்யை அப்பால தூக்கிக்கினு திரியணுமேன்னு ஒரு அலுப்பு," என்றார்.

ஆய்வாளர் உலையை மூடச் சொன்னார். தொட்டியில் பாதி காய்ந்த நெல், வெளியே குவியல். கண்ணம்மா வரப்பில் உட்கார்ந்தாள். "உனுக்கு இன்னா, பஸ் ஏறிப் பூடுவ," என்று பூபாலனிடம் சொன்னாள். குரல் உயரவேயில்லை.

அவர் போகவில்லை. காய்ந்த சவுக்கு விறகு மட்டும் போட்டு, நாளை மாலை வரை ஓட்ட அனுமதி கேட்டார். தானே கூட இருந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். புகார் கொடுத்தவர் சம்மதித்தால் தனக்கு ஆட்சேபமில்லை என்றார் ஆய்வாளர். வித்யா செய்தித்தாள் பொட்டலத்தைப் பிடித்தபடி குவியலைப் பார்த்தாள். பிறகு, ஆஸ்பத்திரியிலிருந்து மகளை நேராகப் பட்டாபிராமில் அக்கா வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவதாகவும், நாளை மாலைக்கு மேல் ஒரு மணி நேரம்கூடப் பொறுக்க மாட்டேன் என்றும் சொன்னாள்.

5

பூபாலன் சாம்பல் முழுவதையும் வழித்தெடுத்தார். பூந்தமல்லி விறகுக் கடையிலிருந்து ஒரு குட்டியானை வண்டி நிறைய சவுக்கு வந்தது. அவரும் கண்ணம்மாவும் மாறி மாறி விறகு போட்டார்கள். குவியலின் அடியில் மூன்றில் ஒரு பங்கு வெள்ளையாக முளைவிட்டுவிட்டது. அதை ஒதுக்கினார்கள். மீதி காய்ந்தது.

மறுநாள் நாலு மணிக்கு வித்யா தனியாக வந்தாள். தொட்டியில் இன்னும் ஒரு நடை நெல் காயாமல் இருந்தது. புகைபோக்கியில் மெல்லிய நீலப் புகை. காவ்யா வீட்டுக்கு வரவேண்டுமென்று அழுகிறாள், இப்போதே கூட்டி வரலாமா என்று கேட்டாள்.

பூபாலன் மேலே பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"நான் இன்னாத்தச் சொல்றது மேடம். உலையாண்ட நின்னு நின்னு எனக்கு மூக்கு செத்து ஏழெட்டு வருசமாச்சு. சோத்து வாசனயே தெரியாது. நீங்களே மோந்து பாத்துச் சொல்லுங்க."

கண்ணம்மா விறகை எடுத்த கையோடு நின்றாள். வித்யா புகை சாயும் பக்கமாக நாலடி போய், கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தாள்.

அவள் சொன்னதை இரண்டு விதமாக எழுதி இரண்டையும் அடித்துவிட்டேன். ஒன்றில் நெடி இருக்கிறது என்கிறாள், கண்ணம்மாவுக்கு ஒரு நடை நெல் போகிறது. இன்னொன்றில் இல்லை என்கிறாள், குழந்தை வந்து அந்தப் புகையில் சன்னலைத் திறக்கிறது. இதற்கு மேல் எனக்கு ஆகவில்லை. அங்கே போய் நீங்கள் ஒருமுறை நில்லுங்கள். மூச்சை இழுத்துப் பார்த்து, அவர்கள் இருவரிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள்.