கொக்கி விழுந்த கிதார்

ஜாபருக்கு லூயிஸைக் கண்டால் ஆகாது. ஏதோ பார்த்தும் பார்க்காததுபோல் ஒதுங்கிப் போகிற அளவுக்குத்தான் ஆகாது என்று நினைத்துவிடாதீர்கள். லூயிஸ் தெருவில் வந்தால் ஜாபருக்கு வயிறு எரியும். லூயிஸ் சிரித்தால் அந்தப் பல்லையெல்லாம் தட்டிக் கையில் கொடுக்கவேண்டும்போல் இருக்கும். எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு கைக்குட்டை.

லூயிஸ் ராயபுரத்துக்காரன். ரயில்வேயில் ஃபிட்டர். வேதக்காரக் கிறிஸ்தவர்கள் வீட்டுக் கல்யாணங்களில் கிதார் வாசிப்பான், நன்றாகவே வாசிப்பான், அதை இல்லையென்று சொல்லக்கூடாது. அப்படி ஒரு கல்யாணத்தில், பந்தலுக்கு வெளியே வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்த ஜாபர், வாசிப்பு முடிந்ததும் கிட்டே போனான்.

"பிரதர், ஒரு தபா கைல வெச்சிப் பாத்துட்டு குடுத்துட்றேன்" என்றான். கேட்டதோடு நின்றிருக்கலாம். ஆசை விடவில்லை. கிதாரின் வளைவில் இரண்டு விரலை வைத்துவிட்டான்.

"இன்னா பாய் இது, மூட்டை தூக்கற கைய எடுத்தாந்து இதும்மேல வெக்கிற?" என்றான் லூயிஸ். பந்தலே சிரித்தது. லூயிஸ் கைக்குட்டையை உருவி, விரல் பட்ட இடத்தைத் துடைத்தான். ஒரு தடவை துடைத்தால் போதாதா? வாயால் ஊதி ஊதித் துடைத்தான்.

ஜாபர் மூட்டை தூக்குகிறவன்தான். ஹார்பரில் எத்திராஜ் மேஸ்திரியின் கூட்டத்தில் வேலை. மரப்பிடி போட்ட இரும்புக் கொக்கி ஒன்று எந்நேரமும் அவன் தோளில் தொங்கும். அரிசி மூட்டையோ, துணிப் பேலோ, மரப் பெட்டியோ, எதுவாக இருந்தாலும் கொக்கியைப் போட்டு இழுப்பதுதான் அங்கே பழக்கம். கை வைத்துத் தூக்குகிறவனை மற்றவர்கள் கேலி செய்வார்கள். அந்தத் தொழிலில் இருந்தவனுக்குக் கிதார் பைத்தியம் பிடித்ததும் ஹார்பரில்தான். பழுதாகி நின்ற ஒரு கப்பலின் கோவாக்காரச் சமையல்காரன், வேலை ஓய்ந்த வேளையில் மேல்தளத்தில் உட்கார்ந்து வாசிப்பான். கம்பியில் விரல் வைக்கிற பிடிகளில் மூன்றை ஜாபருக்குச் சொல்லிக்கொடுத்தான். கப்பல் போய்விட்டது. பிடி மட்டும் விரலில் தங்கிவிட்டது.

தண்டையார்பேட்டை வீட்டில் ஒரு பெட்டிப் பலகையில் கம்பி கட்டி, அதை மடியில் வைத்துக்கொண்டு அந்த மூன்றையே திரும்பத் திரும்பப் பிடிப்பான். சத்தம் டங்கு டங்கு என்று வரும். "கட்டைய கட்டிகினு அழுவறதுக்கு என்னை ஏன் கட்டிகினு வந்த?" என்று அவன் மனைவி சாபிரா தினமும் கேட்பாள். அவன் கம்பியை முடுக்கிக்கொண்டே இருப்பான். பீடியை விட்டான், டீயை விட்டான், சினிமாவை விட்டான். மிச்சம் பிடித்ததையெல்லாம் இடுப்பு பெல்ட்டுக்குள் செருகிவைத்தான். ஆனால் சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்த அந்தக் காலத்தில் சீமைச் சரக்கு வருவதே குதிரைக்கொம்பு. வந்தாலும் விலை ஆகாயத்தில் இருக்கும். இவன் பெல்ட்டில் இருந்த பணத்துக்குக் கிதாரில் பாதிதான் வரும்.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் ஒருநாள் காலை, கிடங்கில் ஒரு பெட்டியைச் சுங்கத்துக்காரர்கள் திறந்து பார்த்தார்கள். மரச்சட்டமும் இடைவெளியுமாக ஆணி அடித்த பெட்டி. உள்ளே வைக்கோலில் இரண்டு கிதார்கள், பழுப்பும் மஞ்சளுமாய், குப்புறப் படுத்திருந்தன. பார்த்துவிட்டு மூடி ஆணி அடித்தார்கள். லாரிக்கு ஏற்றும் முறை ஜாபருடையது.

அவனுக்கு ஒன்று தெரியும். உடைந்த பீங்கான், நனைந்த துணி, கிழிந்த பேல் எல்லாவற்றையும் வியாபாரிகள் வேண்டாமென்று தள்ளிவிடுவார்கள். கிடங்குக்குப் பின்னால் ஏலம் விடுவார்கள். பாதி விலை, கால் விலைக்குப் போகும். ஹார்பர் ஆட்கள் வீட்டில் இருக்கிற பாதிச் சாமான் அந்த ஏலத்தில் எடுத்ததுதான். கிதாருக்கு ஒரு சின்னக் காயம் பட்டால்? ஏலத்துக்கு வரும். பெல்ட்டில் இருக்கிற பணம் போதும்.

யோசிக்க நேரமில்லை. இரண்டு சட்டத்துக்கு நடுவே, முதுகுப் பக்கமாகப் பார்த்து, கொக்கியைப் போட்டான். முகத்தில் அடிக்க மனசு வரவில்லை. ஆசை வைத்தவளை முதுகில் குத்துவது பெரிய கருணை என்று நினைத்தான் போலிருக்கிறது. மரம் பிளக்கிற சத்தம் கேட்டது. கூடவே உள்ளே இருந்த கம்பிகளெல்லாம் சேர்ந்து முனகின. அந்த முனகல் ஜாபரின் கொக்கி வழியாகக் கைக்கு ஏறியது. அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

"சாவுகிராக்கி! கண்ணு எங்க வெச்சிகினுகீற?" என்று எத்திராஜ் மேஸ்திரி கத்தினார். ஒரு வாரம் வேலைக்கு வராதே என்று விரட்டினார். கை தவறிவிட்டது என்று ஜாபர் சாதித்துவிட்டான். வேண்டுமென்று போட்டது தெரிந்தால் வாரக் கணக்கு இல்லை, ஹார்பர் வாசலையே மறந்துவிடவேண்டியதுதான். போலீசும் வரும்.

அதன்பிறகு நடந்த ஏலம் ஒன்றைக்கூட அவன் விடவில்லை. தையல் மெஷின் வந்தது, குடை வந்தது, துருப்பிடித்த பூட்டு மூட்டை மூட்டையாக வந்தது. கிதார் வரவில்லை.

வந்தது ஒரு நோட்டீஸ். கல்மண்டபம் பக்கத்துச் சத்திரத்தில் வாத்தியக் கண்காட்சி, சீமையிலிருந்து வந்த புதுச் சரக்கு, அனைவரும் வருக என்று ஜட்கா வண்டியில் குழாய் வைத்துக் கத்தி நோட்டீஸை வீசிக்கொண்டு போனார்கள். அனைவரும் என்றால் யார் யார் என்று போனபிறகுதான் தெரிந்தது. ஜாபர் வெள்ளைச் சட்டை போட்டு, கொக்கியை வீட்டு ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போனான். வாசலில் நின்றவன் சட்டையைப் பார்க்கவில்லை, லுங்கியைப் பார்த்தான். "எறக்குக் கூலி பின்பக்கமா போ" என்றான். "சீட்டு வாங்கிகினு வந்துகீறேன், கண்ணு தெர்ல?" என்று சீட்டை அவன் மூக்குக்கு நேரே நீட்டிவிட்டு உள்ளே நுழைந்தான் ஜாபர்.

உள்ளே ஒரே இரைச்சல். ஒரு பக்கம் ஆர்மோனியம், ஒரு பக்கம் பிடில், தபேலா, புல்புல்தாரா. ஆளாளுக்கு ஒன்றை எடுத்துத் தட்டுவதும் இழுப்பதுமாக இருந்தார்கள். ஜாபர் தபேலா பக்கம் போனால் "தொடாதே" என்றார்கள். பிடில் பக்கம் போனால் "நகரு" என்றார்கள். அவன் எதையும் தொடவில்லை. கிதார் எங்கே என்றுதான் பார்த்துக்கொண்டே போனான்.

கோடியில் ஒரு கடை. ஆறுமுகநயினார் என்று பலகை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, பாரிமுனையில் மொத்த வியாபாரம் செய்கிற முதலாளி. அவர் முதுகுக்குப் பின்னால், சுவரோரக் கயிற்றில், அதே பழுப்பும் மஞ்சளுமாக இரண்டு கிதார்கள் தொங்கின. ஜாபர் பக்கவாட்டில் போய் எட்டிப் பார்த்தான். ஒன்றின் முதுகில், வெற்றிலை அளவுக்கு ஒரு கறுப்பு மரத்துண்டு ஒட்டியிருந்தது.

"மொதலாளி, அத்த கொஞ்சம் திருப்பிக் காட்டு. பின்னாடி பாக்கணும்."

"பின்னாடி பாக்க இது என்ன மாட்டுச் சந்தையா?" என்றார் ஆறுமுகநயினார். "அங்கனயே நில்லு. கண்ட கையும் பட்டா பாலீஷ் போயிரும்."

"காசு குடுத்து வாங்கறவன் பாக்க வாணாமா?"

"வாங்குத மூஞ்சி எனக்குத் தெரியும். தள்ளி நில்லுலே, யாவாரத்தைக் கெடுக்காத."

அந்த 'லே' ஜாபருக்குச் சுருக்கென்று குத்தியது. திருட்டுப் பயல், ஓட்டையை மறைத்து முழு விலைக்குத் தள்ளப் பார்க்கிறான் என்று நினைத்தான். அது ஓட்டைதான் என்று எல்லோர் முன்னாலும் கத்தலாம். உனக்கெப்படித் தெரியும் என்று கேட்டால்? நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றான். விலை என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. ஓட்டையே கண்ணை மறைத்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் லூயிஸ் வந்தான். கோட்டும் வழித்து வாரிய தலையுமாக, வாயில் ஒரு சிரிப்பு.

"வாங்க தம்பி, வாங்க" என்று ஆறுமுகநயினார் எழுந்தே நின்றுவிட்டார். எடுத்துக் கையில் கொடுத்தார். எதை? கறுப்புத் துண்டு ஒட்டியதைத்தான். ஜாபருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மாட்டினான்டா கைக்குட்டைக்காரன்! முழு விலை கொடுத்து ஓட்டைக் கிதாரைத் தூக்கிக்கொண்டு போகட்டும். வீட்டில் போய்த் திருப்பிப் பார்த்து மாரில் அடித்துக்கொள்ளட்டும். வேண்டுமென்றே ஓரடி பின்னால் நகர்ந்து கையைக் கட்டிக்கொண்டான் ஜாபர். ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று முடிவு செய்துவிட்டான்.

லூயிஸ் கம்பியை முடுக்கி வாசித்தான். பக்கத்துக் கடைகளில் இரைச்சல் அடங்கியது. ஓட்டை விழுந்த கிதார் ஊமையாகிவிடும் என்று ஜாபர் நினைத்திருந்தான். அது மணிபோலப் பேசியது. ஜாபருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்புக்காகத் தன்மேலேயே கோபம் வந்தது.

"வெல சொல்லுங்க சார்" என்றான் லூயிஸ்.

ஆறுமுகநயினார் கிதாரை வாங்கித் தாமே திருப்பினார். "இந்தா பாருங்க தம்பி. ஹார்பர்ல எவனோ கொக்கியப் போட்டுட்டான். ஒட்டு போட்டிருக்கேன். மறைச்சி விக்கிற பழக்கம் நம்மகிட்டக் கெடையாது. நட்டத்தை இன்சூரன்சுக்காரன் குடுத்துட்டான், அதனால பாதி வெலைக்குத் தாரேன். முழுசா வேணும்னா அந்தா மத்தது தொங்குது."

பாதி விலை!

லூயிஸ் அடுத்த நொடியே பணத்தை எடுத்து நீட்டினான். முதலாளி வாங்கிப் பெட்டியில் போட்டார். அப்போதுதான் ஜாபருக்கு உயிர் வந்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு பாய்ந்து கிதாரின் கழுத்தைப் பிடித்தான். இன்னொரு கையால் பெல்ட்டைத் திறந்து நோட்டையும் சில்லறையையும் மேஜைமேல் கொட்டினான்.

"எனுக்கு குடு மொதலாளி! பாதி வெல என்கிட்டகீது! நான்தான மொதல்ல வந்தேன்?"

"வந்தே. வெல கேட்டியா?" என்றார் ஆறுமுகநயினார். "பின்னாடி காட்டு, பின்னாடி காட்டுன்னு நின்னே. ஓட்டை இருக்கும்னு உனக்கு யார்லே சொன்னா?"

"உட்றா கைய!" என்று லூயிஸ் இழுத்தான். ஜாபர் விடவில்லை. இழுத்த இழுப்பில் கம்பிகளெல்லாம் சேர்ந்து முனகின. பெட்டிக்குள் கேட்ட அதே முனகல்.

"இது எனுது!" என்று ஜாபர் கத்தினான். "இத்த நான்தான்..."

"நீதான்?" என்றார் ஆறுமுகநயினார். கூட்டம் முழுவதும் அவன் வாயைப் பார்த்தது. வாசலில் நின்றவனும் உள்ளே வந்துவிட்டான்.

நான்தான் கொக்கி போட்டேன். நான்தான் இதைப் பாதி விலை ஆக்கினேன். எனக்காக ஆக்கினேன். இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஹார்பர் வாசலும் சாபிராவும் கண்முன் வந்தார்கள். வார்த்தையை விழுங்கினான். விரல் ஒவ்வொன்றாகக் கிதாரின் கழுத்தை விட்டது.

"நான்தான் மொதல்ல பாத்தேன்" என்றான், யாருக்கும் கேட்காத குரலில்.

கூட்டம் சிரித்தது. லூயிஸும் சிரித்தான். கிதாரைத் திருப்பி, அந்தக் கறுப்பு ஒட்டின்மேல் செல்லமாகத் தட்டிக்கொடுத்தான். "எந்தப் புண்ணியவான் கொக்கி போட்டானோ, அவன் கை நல்லா இருக்கணும் சார். அவன் மட்டும் போடலன்னா இத்த நான் எந்தக் காலத்துல வாங்கறது?"

பிறகு கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, ஜாபர் பிடித்திருந்த கழுத்தை ஊதி ஊதித் துடைத்தான்.