மேஜரின் கட்டில்

கட்சிக் கூட்டமோ கடைத் திறப்போ, ஒலிபெருக்கி கட்டுவது மைக்கக்காதான். இருபது வருடத்தில் அவள் காதில் விழாத பொய் கிடையாது. ஆனாலும் அன்று காலை, போரில் இறந்த ஏழு பேருக்கான நினைவுக்கல் திறப்பில் ஓய்வுபெற்ற மேஜர் பேசியபோது அவள் கை ஒலியைக் குறைக்கப் போனது.

"ஏழு பேரும் என் பிள்ளைங்க மாதிரி," என்று மேஜர் கைக்குட்டையை எடுத்தார். "எதிரிய நேருக்கு நேரா பார்த்து, நெஞ்சுல குண்டு வாங்குனாங்க."

ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாய்கூட இவ்வளவு மெனக்கெட்டிருக்காது.

நடந்தது அவளுக்குத் தெரியும். அவளுடைய சித்தப்பா அந்தப் படையில் லாரி ஓட்டியவர். முகாமைக் காலி செய்து பின்வாங்கிய பிறகுதான் மேஜருக்குத் தன் தேக்குக் கட்டில் ஞாபகம் வந்ததாம். தரையில் படுத்தால் துரைக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். எடுத்துவர ஏழு பேரைச் சித்தப்பாவின் லாரியில் அனுப்பினார். கட்டிலை ஏற்றிவிட்டு அவர்கள் கீழே நின்று கயிறு கட்டும்போது குண்டு விழுந்தது. சித்தப்பா லாரியைக் கிளப்பிக்கொண்டு ஓடி வந்துவிட்டார். முப்பது வருடத்தில் இதை ஒரே ஒரு தடவைதான், அவளிடம், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

இப்போது, விழாவை நடத்திய முன்னாள் படைவீரர் சங்கத்தின் செயலாளர் சித்தப்பாவை மேடைக்கு அழைத்தார். "மேஜரப் பத்தி நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க."

சித்தப்பா மைக்கைப் பிடித்தார். "அவரு கட்டில் கேட்டாரு. ஒரு கீறல் இல்லாம கொண்டுவந்தேன். ஏழு பேரையும் அங்கயே விட்டுட்டேன். அன்னைக்கு அவரு அதுலதான் தூங்குனாரு. நான்தான் கட்டிலுக்குக் கால் மாட்டிக் குடுத்தேன்."

செயலாளர் மைக்கக்காவிடம் ஓடி வந்தார். "அணைம்மா, அணை."

"எந்த சுவிட்சுன்னு தெரியலீங்க," என்றாள் அவள், சுவிட்சின் மேல் விரலை வைத்துக்கொண்டே.

மேஜர் சிரித்தார். "பாவம், வயசாயிடுச்சு. ஏதோ உளர்றாரு." கூட்டம் அவருக்குக் கைதட்டியது. யார் சொன்னாலும் தட்டுகிற கைகள்.

சித்தப்பா இறங்கி வந்து அவளுடைய ஒலிபெருக்கிப் பெட்டி மேல் உட்கார்ந்தார். "ஒருத்தனும் நம்பலியே."

"முப்பது வருசம் வாய மூடிட்டு இருந்தா இப்படித்தான்," என்றாள். அவரிடமும் அவளுக்கு இரக்கம் வரவில்லை.

"அதுவும் சரிதான்."

பின்வரிசையிலிருந்து நரைத்த தலையோடு ஒரு பெண் வந்தாள். "கல்லுல மூணாவது பேரு எங்க அண்ணன். அன்னைக்கு அவன் எப்படி இருந்தான்?"

சித்தப்பா தலை நிமிரவில்லை. "பல்வலிம்மா அவனுக்கு. வழி பூரா கன்னத்தப் பிடிச்சுக்கிட்டு மேஜரத் திட்டிக்கிட்டே வந்தான்."

"என்னன்னு திட்டுனான்?"

அவர் தயங்கி, தாழ்ந்த குரலில் சொன்னார். மைக்கக்காவுக்கே காது கூசியது.

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அவனேதான்," என்றாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இன்னும் சொல்லுங்க."