மூன்றாவது காது

சலூன்காரருக்குக் காது கேட்காமல் கிடந்தது பதினோரு வருஷம். அந்தப் பதினோரு வருஷமும் கடையை ஓட்டியது பாதி அவர் கத்தரி, பாதி அவர் மனைவியின் வாய். நாற்காலியில் உட்கார்ந்தவர், "பக்கத்துல மட்டும் குறைங்க, மேல கை வைக்காதீங்க" என்பார். கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று அவள் அதையே சத்தமில்லாமல் வாயசைத்துக் காட்டுவாள். அவர் அவள் உதட்டைப் பார்த்துவிட்டுத்தான் வெட்டுவார். ஒரு நாளைக்கு நூறு தடவையாவது அவள் முகத்தைப் பார்த்தாக வேண்டும். எந்தப் புருஷன் அப்படிப் பார்க்கிறான், சொல்லுங்கள்!

எட்டு மாதத்துக்கு முன்னால் அதற்கு வேட்டு வைத்தார் ஒரு டாக்டர். சுத்தமாகச் செத்துப்போன இடது காதுக்கு ஆபரேஷன். உள்ளே ஒரு கருவி, வெளியே காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் வில்லை. அது மட்டும் போட்டால் எல்லார் குரலும் தகரச் சத்தமாகக் கேட்கிறது என்றார் இவர். கொஞ்சம் உயிர் மிச்சமிருந்த வலது காதில் மிஷினை மாட்டி, இரண்டையும் சேர்த்துக் கேட்டுப் பழகச் சொன்னார்கள். மெல்ல மெல்லக் குரல் குரலானது. அது போதாதென்று, சந்தடியில் பேச்சு பிடிபடுவதற்காக மூன்றாவதாக ஒரு குட்டி மைக். பேசுகிறவர் மேல் அதை மாட்டிவிட்டால் பேச்சு நேராக இரண்டு காதுக்கும் போய்விடும். கடையில் அதை, வருகிறவர்களுக்குப் போர்த்தும் துணியின் கழுத்தில் குத்திவைத்தார்.

அவ்வளவுதான், கண்ணாடிப் பக்கம் அவளுக்கு வேலை போயிற்று. துணி உதறுவதும் முடி கூட்டுவதும்தான் மிச்சம். வந்தவன் போனவனெல்லாம் அவரோடு ஊர்க்கதை பேசினான். அவரும் தலையை நிமிர்த்தாமலே விழுந்து விழுந்து சிரித்தார். அவளுக்கு வயிறு எரிந்தது. வீட்டுக்குப் போனால் அதைவிட மோசம். காதுப் பயிற்சி கொடுக்கும் பெண் பதிவு செய்து தந்த வார்த்தைகளைக் கண்ணை மூடிக்கொண்டு அரை மணி நேரம் கேட்பார். "என்ன தெளிவான குரல்!" என்று பாராட்டு வேறு.

"என் குரல் எப்படி இருக்கு?" என்று ஒரு நாள் வாயைக் கொடுத்தாள்.

"உன் குரலா? போகப் போகப் பழகிடும்."

பழகிடுமாம்! இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அதை அவர் கவனித்ததாகவும் தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை கடையில் நல்ல கூட்டம். ஒரு வாத்தியாருக்கு வெட்டி முடித்த கையோடு தபால்காரரை உட்காரவைத்து, வேறு துணியைப் போர்த்தினார். வாத்தியாரின் துணியைச் சுருட்டிக்கொண்டு அவள் பின்வாசலுக்குப் போனாள். அங்கே பக்கத்துக் கடைத் தையல்கார அக்கா பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, மூஞ்சி உர்ருனு இருக்கு?"

"என்னத்தச் சொல்றதுக்கா. சக்களத்தின்னு ஒருத்தி இருந்தாக்கூட முடியப் பிடிச்சு இழுத்துச் சண்டை போடலாம். எனக்கு மூணு. ரெண்டு காதுல, ஒண்ணு துணியில."

அக்கா சிரிக்க, இவளுக்கு வாய் இன்னும் நீண்டது.

"அவருக்குக் காது கேக்காம இருந்தப்பதான் நான் ஒரு ஆளு. என் மூஞ்சியப் பாத்தாரு. அந்தக் கருமமெல்லாம் ஒரே நாள்ல கெட்டுப்போகட்டும்னு தினம் வேண்டிக்கிறேன். பழையபடி செவிடாவே இருந்துட்டுப் போகட்டும், எனக்கு நிம்மதி."

சொன்ன வேகத்தில் துணியை ஓங்கி உதறினாள். கறுப்பாக ஏதோ தெறித்துப்போய்ப் படியில் விழுந்தது. மைக். அதில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். கத்தரிச் சத்தம் நின்றிருந்தது. தபால்காரர் பாதி வெட்டிய தலையோடு விழித்துக்கொண்டிருந்தார். மேஜையில் சீப்புகளுக்கு நடுவே வில்லையும் மிஷினும் கிடந்தன.

"கழட்டி வச்சுட்டேன். ஒண்ணும் கேக்கல. உன் மூஞ்சியத்தான் பாக்கறேன், இப்பச் சொல்லு." தன் சத்தம் தனக்கே தெரியாததால் கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

எட்டு மாதமாக அவள் ஏங்கிய பார்வை. ஒரு நொடிகூட அவளால் அதைத் தாங்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, தரையில் கிடந்த முடியைப் பார்த்தபடி, "புத்திகெட்டுப் பேசிட்டேங்க, எடுத்து மாட்டிக்குங்க" என்றாள். மறுபடியும் சொன்னாள்.

தபால்காரருக்கு மட்டும்தான் கேட்டது.