சூனியக்காரிக்கு ஈரக்கழிவு

சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: நெடுங்காலமாக உலகம் எதிர்பார்த்திருந்த சூனியக்காரி, கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, உரக்கடை மாடியில், ஞாயிறு பிற்பகல் வெளியிடப்படுவாள். உறுப்பினர்கள் பென்சிலுடன் வரவும்.

வாட்ஸப்பில் வந்த இந்த அறிவிப்பைப் பார்த்துப் பிரீத்தி தலையில் அடித்துக்கொண்டாள். உறுப்பினர்கள் என்றால் அவளும் உரக்கடைக்கார அஸ்வந்தும்தான். அறிவித்தவர் கீர்த்திவாசன், தேயிலை ஃபேக்டரி ஒன்றில் பச்சை இலையை எடைபோட்டு வாங்குகிற சூப்பர்வைசர். தேயிலை விலை விழுந்து ஃபேக்டரி வாரத்தில் பாதி நாள் மூடிக்கிடந்ததால், உலகங்களைப் படைக்க அவருக்கு நேரம் கிடைத்துவிட்டது.

ஆட்டம் இதுதான். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொள்ள வேண்டும். கேம் மாஸ்டரான கீர்த்திவாசன் காடு, கோட்டை, அரக்கன் என்று கதையை நடத்துவார். தான் செய்ய நினைப்பதை வாயால் சொல்லிவிட்டு இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் நடக்கும், சின்னது விழுந்தால் நடக்காது. அஸ்வந்துக்குக் கோடாலி வீரன் வேடம். பிரீத்திக்கு வைத்தியக்காரி, அந்த வீரனுக்குக் கட்டுப்போட்டுக் கட்டுப்போட்டே அவளுக்கு வெறுத்துப்போயிற்று. சூனியக்காரி வேண்டும் என்றாள். புத்தகத்தில் அப்படியொரு வேடம் இல்லை, நானே வடிவமைக்கிறேன் என்றார் கீர்த்திவாசன். அவர் வடிவமைத்த முதல் இரண்டு சூனியக்காரிகளும் டீ ஆறுவதற்குள் செத்தார்கள். மூன்றாமவளும் செத்தால் மறுபேச்சில்லாமல் வைத்தியக்காரிதான் என்று தீர்ப்பாகியிருந்தது.

“சூனியக்காரி என்பவள் இயற்கைக்கும் இருளுக்கும் நடுவே நிற்கும் ஒரு தத்துவம்,” என்று கீர்த்திவாசன் வாசிக்கத் தொடங்கினார்.

“தத்துவம் நிக்கட்டுங்ணா. அரக்கன் வந்தாச்சு. அவனைத் தவளையாக்கறேன்.”

“மந்திர பலம் பத்து. ஈரத்துக்கு மூணு கழி.”

“என்ன ஈரம்?”

“காட்டுல மழைன்னு இப்பத்தான சொன்னேன் அம்மிணி. நனைஞ்ச மந்திரம் எடை காட்டும், சத்து இருக்காது. முத்தலுக்கு ஒரு ரெண்டு.”

பிரீத்தி அவரையே பார்த்தாள். அவளுடைய அப்பா தன் தோட்டத்து இலை மூட்டையை ஃபேக்டரியில் போட்டுவிட்டு வீடு திரும்பும்போதெல்லாம், ஈரத்துக்கும் முற்றிய இலைக்கும் எடையில் கழித்துவிட்டார்கள் என்று இந்த வார்த்தைகளைச் சொல்லித்தான் திட்டுவார். கீர்த்திவாசன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. எதிரே ஒருவர் எதையாவது கொண்டுவந்து வைத்தால் அவர் கை தன்னால் கழித்தது.

“தவளையாக்கறதுல ஏதுங்ணா முத்தல்?”

“பழைய மந்திரமாச்சே. கொழுந்தா ஏதாவது கொண்டா, கழிக்க மாட்டேன்.”

“சரி, மிச்சம் அஞ்சு. உருட்டட்டுமா?”

“இன்னிக்குக் கதையில செவ்வாக்கெழமை. சூனியக்காரி மந்திரம் திங்க, புதன், வெள்ளிதான் எடுப்போம்.”

இதற்குள் அஸ்வந்து அரக்கனை வெட்டுவதாகச் சொன்னான். வெட்டு என்று உடனே அனுமதி கிடைத்தது.

“அவன் கோடாலிக்கு ஈரம் இல்லீங்களா?” என்றாள் பிரீத்தி.

“இரும்பு எப்பவும் காஞ்ச சரக்கு.”

காய்ந்த சரக்கு மரத்தில் மாட்டிக்கொண்டது. அரக்கன் வீரனின் தோளை முறித்துப் போட்டுவிட்டுச் சூனியக்காரியின் பக்கம் திரும்பினான்.

“நீ வைத்தியக்காரியாவே இருந்திருந்தா இந்நேரம் என் தோளை நீவி விட்டிருப்பியக்கா,” என்றான் அஸ்வந்து.

“இன்னொரு தோளும் இருக்குல்ல, அதை நான் முறிக்கறேன் இரு.” பிரீத்தி கீர்த்திவாசனிடம் திரும்பினாள். “என் மந்திரத்தைப் பக்கத்து ராஜ்யத்துல கொண்டுபோய்ப் போட்டுக்கறேன்.”

“போடேன். அங்கயும் இதே கழிவுதான். நாங்கெல்லாம் பேசி வெச்சிருக்கோம்.”

சொன்ன பிறகுதான், கதையில் யாரும் யாரிடமும் அப்படிப் பேசிவைக்கவில்லை என்பது கீர்த்திவாசனுக்கே உறைத்தது. தாள்களை வீணாக அடுக்கினார்.

“அப்ப நான் எடைக்கே போடலீங்ணா,” என்றாள் பிரீத்தி. “மொத்த மந்திரத்தையும் நடுரோட்டுல கொட்டறேன்.”

“கொட்டறதுன்னா?”

“போன மாசம் எங்கப்பாவும் மத்தவங்களும் உங்க ஃபேக்டரி கேட்டு முன்னால இலையைக் கொட்டுனாங்களே, அந்தக் கொட்டுதான். தராசுல ஏத்துனாத்தான கழிப்பீங்க? ரோட்டுல கெடக்கறதுக்கு ஏது ஈரம், ஏது முத்தல், ஏது செவ்வாக்கெழமை?”

கீர்த்திவாசன் தன் விதிகளை முன்னும் பின்னும் புரட்டினார். கொட்டிய மந்திரத்துக்கு விதி இல்லை. கீழே ஒரு கண்டக்டர் மேட்டுப்பாளையத்துக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் கீர்த்திவாசன் கண்ணாடியைக் கழற்றி, ஒரு நீதிபதியின் கம்பீரத்தோடு துடைத்து மாட்டிக்கொண்டார்.

“நியாயம்தான். கழிவு கெடையாது, முழுப் பலம். கொட்டுன எடத்தைச் சுத்தி இருக்கற அத்தனையும் தவளை. அரக்கன், கோட்டைக் காவக்காரன், ராஜா, மந்திரி.”

“நானுமாங்ணா?” என்றான் அஸ்வந்து.

“நீயும்தான்.”

“தோள்வலி போகும்ல, அது போதும்.”

“இவ்வளவு பலத்துக்குப் பெரிய எண்ணே வேண்டாம். ரெண்டு விழுந்தாக்கூடப் போதும், உருட்டு,” என்றார் கீர்த்திவாசன். அவர் முகத்தில், தன்னுடைய சூனியக்காரி ஒருத்தி முதன்முதலாக ஜெயிக்கப்போகிற பெருமை வந்துவிட்டது.

பிரீத்தி எழுந்து நின்றாள். அஸ்வந்து டீ கிளாஸ்களை ஓரமாக நகர்த்தி வைத்தான். பகடையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் குலுக்கி அவள் வீசினாள். அது காட்டைத் தாண்டி, கோட்டையைத் தாண்டி, மேஜையின் விளிம்புவரை ஓடி நின்றது.

ஒன்று விழுந்திருந்தது.